எண்பது கிராம் கவலை

மலையேறுகிறவர்களைப் பிடிக்கும் வியாதி ஒன்று இருக்கிறது. கிராம் வியாதி. முற்றிவிட்டால் ஆள் பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியில் அறுத்துவிடுவார். சட்டைக் காலரில் தைத்திருக்கும் கம்பெனித் துண்டைக் கத்தரித்துவிடுவார். பருப்புப் பொடியைத் தராசில் நிறுத்து மூன்று பொட்டலமாகக் கட்டுவார். முதுகு மூட்டையில் ஒரு கிராம் குறைந்தால் மலை ஒரு அடி தாழ்ந்துவிடும் என்று நம்பிக்கை. (தொந்தியில் இருக்கும் எட்டு கிலோ இந்தக் கணக்கில் சேராது.)

இந்த வியாதி பரவ ஹைதராபாத் தோதான ஊர். சுற்றிலும் சுமார் 250 கோடி ஆண்டு வயதான கருங்கல் பாறைகள். வாரக் கடைசியில் போங்கிர் கோட்டைப் பாறை, இல்லாவிட்டால் விகாராபாத் பக்கம் மூசி நதி பிறக்கும் அனந்தகிரிக் காடு. நாலு நாள் லீவு சேர்ந்தாற்போல் வந்தால் உத்தராகண்ட். இளைஞர்களின் கையில் சம்பளமும் இருக்கிறது. இப்படிப்பட்ட இருவர் சந்தித்தால் பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் உள்ளங்கையளவு அடுப்பு ஒன்றில் வந்து நிற்கும். ஸ்பிரிட் அடுப்பு. அதை எந்த உலோகத்தில் வாங்குவது? பித்தளையா, அலுமினியமா, எவர்சில்வரா, டைட்டானியமா? கட்சி கட்டிக்கொண்டு வாதாடுவார்கள்.

பள்ளிக்கூடத்து கெமிஸ்ட்ரி லேபில் திரி போட்ட ஸ்பிரிட் விளக்கைப் பார்த்திருப்பீர்கள். அதன் தூரத்து உறவுதான் இது. திரி கிடையாது. பம்ப் கிடையாது, வால்வு கிடையாது, அசையும் உறுப்பு எதுவும் கிடையாது. ஆகவே ரிப்பேர் என்ற பேச்சே இல்லை. ஒரு சின்னக் கிண்ணம். அதற்கு இரட்டைச் சுவர். மேல் விளிம்பைச் சுற்றி ஊசித் துளைகள். ஸ்பிரிட்டை ஊற்றிப் பற்றவைத்தால் முதலில் நடுவில் மட்டும் சோம்பேறித்தனமாக எரியும். அந்தச் சூடு உலோகச் சுவர் வழியாகக் கீழே இறங்கித் திரவத்தைக் கொதிக்க வைக்கும். எத்தனால் 78 டிகிரியிலேயே கொதித்துவிடும். கிளம்பும் ஆவி இரட்டைச் சுவருக்கு நடுவே ஏறித் துளைகள் வழியாகப் பீறிடும். சுற்றிலும் நீலப் பூ மாதிரி ஜுவாலை விரியும். அதற்குப் பிறகு பாத்திரத்தை வைக்க வேண்டியதுதான்.

இதில் பெயர் பெற்றவர்கள் ஸ்வீடன்காரர்கள். நம் பாட்டிமார் சமையலறையில் இரைச்சல் போட்ட பித்தளை பம்ப் ஸ்டவ்வுக்கும் பூர்வீகம் அதே ஸ்வீடன்தான். பிரைமஸ் என்ற பெயரில் 1892 வாக்கில் கிளம்பி உலகமெல்லாம் போனது. அது சீமெண்ணெயில் எரிந்தது. "ஸ்டவ் வெடித்து இளம்பெண் சாவு" என்று நம் பத்திரிகைகள் பல்லாண்டு செய்தி போட்டதும் அந்த ஸ்டவ்வின் பெயரால்தான். மாமியார்களும் கணவன்மார்களும் செய்த எத்தனை கொலைகளுக்கு அந்தப் பித்தளைப் பாத்திரம் பழி சுமந்ததோ! அது தனிக் கதை. ஸ்பிரிட் அடுப்பைக் காற்றடித்து அழுத்த வேண்டியதில்லை. 1925இல் தொடங்கிய டிராங்கியா என்ற ஸ்வீடன் கம்பெனி, 1951 முதல் ஸ்பிரிட் அடுப்பும் பாத்திரமும் காற்றுத் தடுப்பும் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் ஒரு செட்டை விற்கிறது. அதன் அடுப்பு இன்றைக்கும் பித்தளைதான். எடை சுமார் 110 கிராம்.

இந்த 110 கிராம்தான் கிராம் வியாதிக்காரர்களின் கண்ணில் விழுந்த தூசி. டைட்டானியத்தில் இதே வேலைக்கு 30 கிராமில் கிடைக்கிறதே, எதற்காக எண்பது கிராம் கூடுதலாகச் சுமக்க வேண்டும்?

நியாயமான கேள்வி. உலோகங்களைக் கொஞ்சம் அருகில் வைத்துப் பார்த்துவிடலாம்.

ஹைதராபாத்தில் அதற்குச் சரியான இடம் பழைய ஊரின் பேகம் பஜார். மொத்த வியாபாரப் பாத்திரக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அண்டா, குண்டா, தாம்பாளம், தவலை என்று பித்தளையும் செம்பும் அலுமினியமும் எவர்சில்வரும் கூரை வரை அடுக்கியிருக்கும். எல்லாம் எடைக்கு விலை. இந்த ஊர்க்காரர்களுக்குப் பித்தளை தெரியாததில்லை. வாரங்கல் சாலையில் பெம்பர்த்தி என்ற கிராமத்தில் பித்தளைத் தகட்டைத் தட்டித் தட்டியே கோயில் கவசமும் வாகனமும் செய்துவிடுவார்கள்.

தண்ணீரின் எடையை 1 என்று வைத்துக்கொண்டால் அலுமினியம் 2.7, டைட்டானியம் 4.5, எவர்சில்வர் கிட்டத்தட்ட 8, பித்தளை எட்டரை, செம்பு 9. ஆக, லேசான உலோகம் டைட்டானியம் என்பது பாதி உண்மைதான். அலுமினியம் அதைவிட லேசு. டைட்டானியத்தின் பெருமை அதன் பலத்தில் இருக்கிறது. காகிதம் மாதிரி தகடாக அடித்தாலும் வளையாமல் நிற்கும், துருப் பிடிக்காது, 1,668 டிகிரி வரை உருகாது. அதனால்தான் மெல்லிசாகச் செய்ய முடிகிறது, எடை குறைகிறது.

ஆனால் அடுப்புக்கு வேண்டிய குணம் வேறு ஒன்று இருக்கிறது. மேலே எரியும் சூட்டைக் கீழே திரவத்துக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். வெப்பம் கடத்துவதில் செம்புக்கு 400 மார்க் என்றால் அலுமினியத்துக்குச் சுமார் பாதி. பித்தளைக்கு 110, 120. எவர்சில்வருக்கு வெறும் 15. டைட்டானியமும் அதே பெஞ்சுதான்; 20 வாக்கில்தான். ராக்கெட்டில் முதல் மாணவன், அடுப்பில் கடைசி வரிசை. டைட்டானிய அடுப்பில் விளிம்பு தணலாகப் பழுத்திருக்கும்; அடிப்பாகம் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும். நல்ல தயாரிப்பாளர்கள் சுவரின் அமைப்பை மாற்றியும் துளைகளை இடம் மாற்றியும் இதைச் சமாளிக்கிறார்கள். விலையில் அதற்கும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள்.

செம்பு எதிர்க்கோடி. அள்ளிக்கொண்டு போய்க் கொடுக்கும். திரவம் தாறுமாறாகக் கொதித்து, பாத்திரம் வாங்கிக்கொள்வதற்கு மேல் ஜுவாலை எழும்பும். மிச்சம் பாத்திரத்தின் பக்கவாட்டில் வழிந்து வானத்தைச் சூடாக்கும். வேகம் வேறு, சிக்கனம் வேறு. இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டுத்தான் இணையத்தில் பலர் "மூன்று நிமிடத்தில் கொதித்துவிட்டது" என்று கடிகாரத்தோடு வீடியோ எடுத்துப் போடுகிறார்கள். எத்தனை மில்லி ஸ்பிரிட் தீர்ந்தது என்று அளந்தாலல்லவா பிரயோசனம்?

அலுமினியம்தான் இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த பாத்திரம். கடையில் வாங்கவே வேண்டாம். குடித்துப் போட்ட இரண்டு கூல்டிரிங்க் டின்களின் அடிப்பாகங்களைக் கத்தரித்து, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி, குண்டூசியால் துளை போட்டால் அடுப்பு தயார். எடை பதினைந்து கிராமை ஒட்டி வரும். அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான மைல் நடக்கும் ஆட்கள் இதைத்தான் வைத்திருக்கிறார்கள். டின்னின் சுவர் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடுமே, ஜுவாலை அதைவிடச் சூடாயிற்றே என்று கேட்பீர்கள். உள்ளே திரவம் இருக்கும்வரை சுவரின் சூடு 78 டிகிரிக்குப் பக்கத்திலேயே கட்டுப்பட்டு நிற்கும். காகிதக் கோப்பையில் தண்ணீர் ஊற்றி நெருப்பில் காட்டினால் காகிதம் எரியாமல் தண்ணீர் கொதிக்கும் அதே வித்தை. ஸ்பிரிட் தீர்ந்தால் ஜுவாலையும் போய்விடுகிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: டின்னின் உட்புறம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். முதல் தடவை வெட்டவெளியில் எரித்து அதைப் போக்கிவிட்டுப் பிறகு சமையலுக்குக் கொண்டுவரவும். குறை என்னவென்றால், கால் பட்டால் அப்பளம்.

எவர்சில்வரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டைட்டானியத்தின் மந்தமும் பித்தளையின் எடையும் சேர்ந்தது. மலிவு, உழைக்கும். அவ்வளவுதான்.

பேகம் பஜாரில் டைட்டானியம் கேட்டால் முறைப்பார்கள். வேடிக்கை அதில்தான் இருக்கிறது. அங்கிருந்து தென்கிழக்கே சில கிலோமீட்டரில் காஞ்சன்பாக். அங்கேதான் மிஸ்ர தாது நிகம், சுருக்கமாக மிதானி, இருக்கிறது. மிஸ்ர தாது என்றால் கலப்பு உலோகம். 1973இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம். ராக்கெட்டுக்கும் போர் விமானத்துக்கும் எலும்பு முறிவுக்குப் பொருத்தும் தகட்டுக்கும் டைட்டானியக் கலவைகளை உருக்கித் தருகிறது. பக்கத்திலேயே 1963இல் தொடங்கிய பாதுகாப்பு உலோக ஆராய்ச்சிக் கூடம், டி.எம்.ஆர்.எல். டைட்டானியத்தின் மூலப்பொருளான 'ஸ்பாஞ்ச்' உலோகத்தைச் சொந்தமாகத் தயாரிக்கும் முறையைக் கண்டுகொடுத்தது இவர்கள்தான். அந்த முறையில் கேரளத்துச் சவராவில் 2011இல் தொழிற்சாலை தொடங்கியது. ஆண்டுக்கு 500 டன் திறன். பணம் போட்டது விண்வெளித்துறை.

மூலப்பொருளுக்கும் வெளிநாடு போக வேண்டாம். சவரா கடற்கரையிலும், நம் கன்யாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கறுப்பு மணலாகக் கிடக்கிற இல்மனைட்தான் அது. பூமியின் மேலோட்டில் அதிகமாகக் கிடைக்கும் தனிமங்களில் டைட்டானியம் ஒன்பதாவது. அரிய பொருளே இல்லை. பிறகு ஏன் யானை விலை? மண்ணிலிருந்து பிரிப்பதுதான் பெரும்பாடு. சூடான டைட்டானியம் காற்றில் இருக்கும் ஆக்ஸிஜனையும் நைட்ரஜனையும் உறிஞ்சி நொறுங்கும் சரக்காகிவிடும். எனவே முதலில் குளோரைடாக மாற்றி, மக்னீசியத்தோடு சேர்த்துக் காற்றுப் புகாத கலத்தில் சுட்டு, நாள்கணக்கில் காத்திருந்து, கடற்பஞ்சு போன்ற உலோகத்தை இடித்தெடுத்து, வெற்றிடத்தில் மின்சாரத்தால் உருக்க வேண்டும். இப்படிப் பிறந்த உலோகத்தில்தான் காபித் தண்ணீர் சுட வைக்கிறோம். சூடுபட்டால் அதன் மேல் மயில் கழுத்து நிறங்கள் ஓடும், அழகுக்குக் குறைவில்லை. மணல் நம்முடையது, விஞ்ஞானம் காஞ்சன்பாக்கினுடையது. டிரெக்கிங் இளைஞர் வாங்கும் கிண்ணம் மட்டும் சீனாவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வருகிறது. ஏவுகணைக்கு உருக்குகிறவர்களைப் போய் அடுப்பு செய்யச் சொல்வதும் நியாயமில்லைதான்.

இப்போது கணக்கு. அரை லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக 157 கிலோஜூல் வேண்டும். ஒரு கிராம் எத்தனால் சுமார் 27 கிலோஜூல் தருகிறது. அப்படியானால் ஆறு கிராம் போதும், ஒரு துளி சூடும் வீணாகாவிட்டால். ஆனால் வீணாகும். நல்ல சூழ்நிலையில் பாதிக்கு மேல் போய்விடும். பதினைந்து கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ராத்திரி காட்டில் தங்கும் ஒருவருக்குக் காபி, நூடுல்ஸ், உப்புமா என்று ஆறு தடவை கொதிக்க வைக்க வேண்டியிருந்தால் 90 கிராம் ஸ்பிரிட்.

காற்று அடித்தால் இது சாதாரணமாக இரட்டிப்பாகும். அதாவது இன்னொரு 90 கிராம். பித்தளையிலிருந்து டைட்டானியத்துக்கு மாறி ஆயிரக்கணக்கில் செலவழித்து மிச்சப்படுத்திய எண்பது கிராமைக் காற்று ஒரே பயணத்தில் கொண்டுபோய்விட்டது! சமையலறை அலுமினியத் தாளை இரண்டு மூன்று மடிப்பாக மடித்துப் பாத்திரத்தைச் சுற்றி ஒரு விரல் இடைவெளி விட்டு நிறுத்தினால் இந்த நஷ்டம் பெரும்பாலும் தீரும். மூடி போட்ட, அடி அகலமான பாத்திரம் இன்னொரு லாபம். குறுகலான உயர்ந்த டம்ளரில் ஜுவாலை பக்கவாட்டில் ஏறிப் போய்விடும். எந்த உலோகம் என்பது சண்டை. எப்படிப்பட்ட பாத்திரம், எவ்வளவு காற்று என்பதுதான் சமையல்.

நாலைந்து பேருக்குச் சோறு வடிக்க நினைக்கிறவர்கள் ஸ்பிரிட்டை மறந்துவிடுவது நல்லது. சீமெண்ணெய் கிராமுக்கு 43 கிலோஜூல், சமையல் வாயு 46. நீண்ட பயணத்தில் ஸ்பிரிட் பாட்டிலின் எடை அடுப்பில் மிச்சம் பிடித்ததையெல்லாம் விழுங்கிவிடும்.

அடுப்பைப் பற்றி இவ்வளவு விவாதிக்கிறவர்கள் அதற்குள் ஊற்றுவதைப் பற்றி இரண்டு வாக்கியம் பேசக் கேட்டதில்லை. ஆபத்து அங்கேதான்.

கடையில் ஸ்பிரிட் என்று கேட்டால் பல சரக்கு வரும். எத்தனாலில் குடிக்க முடியாதபடி எதையாவது கலந்தது ஒன்று. அந்த 'எதையாவது' பல சமயம் மெத்தனால். மருந்துக் கடையில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் கொடுப்பார்கள். எரியும், ஆனால் பாத்திரத்தின் அடியில் கரி அப்பும். கொரோனா காலத்து சானிடைசர் மிச்சத்தை எரித்துவிடலாம் என்று சிலர் யோசிக்கிறார்கள். அதில் தண்ணீரும் கிளிசரினும் உண்டு. துளைகளில் பிசின் மாதிரி படியும். மர பாலிஷ் கடை, பெயின்ட் கடைகளில் சுத்தமான மெத்தனாலே தின்னர் என்ற பெயரில் கைக்கு வரலாம்.

மெத்தனால் அடுப்புக்கு மோகினி. 65 டிகிரியில் கொதிக்கும், கரியே இல்லை, பற்றவைத்ததும் பொங்கும். சூடு மட்டும் எத்தனாலில் முக்கால் பங்கு. ஆனால் கள்ளக்குறிச்சியில் 2024 ஜூன் மாதம் கள்ளச்சாராயம் குடித்த அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது இதே மெத்தனால்தான். முந்தின ஆண்டு மே மாதம் மரக்காணத்திலும் இதுதான். உடம்புக்குள் போனால் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும். உடனே தெரியாது, அரை நாள், ஒரு நாள் கழித்துத்தான் பார்வை மங்கும். அதன் ஆவி ஆகாது, தோல் வழியாகவும் உள்ளே போகும்.

"நான் குடிக்கப் போவதில்லையே" என்பீர்கள். ஸ்பிரிட்டை எதில் கொண்டுபோகிறீர்கள்? பெரும்பாலும் காலி மினரல் வாட்டர் பாட்டிலில். நிறமில்லாத திரவம், அதே மூடி, அதே கம்பெனியின் லேபிள். ராத்திரி கூடாரத்தில் தாகம் எடுத்துக் கையைத் துழாவும் தோழருக்கு அது தண்ணீர்தான். பக்கத்தில் ஆஸ்பத்திரி நாற்பது கிலோமீட்டரில் இருக்கும். பிரஷ்ஷின் கைப்பிடியை அறுத்தவர் தனி பாட்டிலுக்கு முப்பது கிராம் செலவழிக்க யோசிக்கவே கூடாது. வாய் குறுகிய, வேறு நிறமான, தடவிப் பார்த்தாலே வேறென்று தெரியும் பாட்டில். அதன் மேல் அழியாத மையில் 'விஷம்'. கூட வருகிறவருக்குத் தெரிந்த எல்லா மொழியிலும் எழுதுங்கள். ஹைதராபாத் குழுவென்றால் குறைந்தது மூன்று மொழி.

நல்ல எத்தனால் ஏன் சுலபமாகக் கிடைப்பதில்லை? தேசத்தில் அதற்குப் பஞ்சமில்லை. பெட்ரோலில் இருபது சதவிகிதம் வரை கலந்து ஓட்டுகிறோம். ஆனால் ஸ்பிரிட் என்றால் மது, மது என்றால் கலால் வரி. தொழிற்சாலை ஆல்கஹாலைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் மத்திய அரசுக்கா, மாநிலங்களுக்கா என்ற வழக்கு பல்லாண்டு நடந்தது. 2024 அக்டோபர் 23ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட பெஞ்ச், 8-1 என்ற கணக்கில், மாநிலங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டது. ஆகவே விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். செகந்திராபாத்தில் வாங்கியது பக்கத்து மாநிலத்துச் செக்போஸ்ட்டில் கேள்வியாகலாம்.

ரயிலில் பேச்சுக்கே இடமில்லை. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரையில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில், லக்னோவிலிருந்து யாத்திரை வந்தவர்கள் ஒளித்துக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். காபி போடத்தான் பற்றவைத்தார்களாம். ஸ்பிரிட் பாட்டிலும் அதே பட்டியலில்தான் வருகிறது. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் மூன்று ஆண்டு சிறை வரை வைத்திருக்கிறது. விமானத்தில் பெட்டிக்குள்ளும் விடமாட்டார்கள். சார்மினார் எக்ஸ்பிரஸில் காலி அடுப்பைக் கொண்டுபோய், இறங்கும் ஊரில் ஸ்பிரிட் தேடிக்கொள்ள வேண்டியதுதான். அங்கே என்ன கிடைக்கும் என்று முன்னாலேயே விசாரிக்காமல் கிளம்பினால், கடைசியில் அந்தத் தின்னர்தான் கைக்கு வரும்.

அடுத்தது காடு. தெலங்கானாவின் அம்ராபாத் புலிகள் காப்பகம் அடங்கிய நல்லமலைக் காடு, பிப்ரவரியிலிருந்து மே வரை காய்ந்த சருகும் புல்லுமாகத் தீப்பெட்டி மாதிரி இருக்கும். எத்தனால் ஆவி தீப்பற்ற 13 டிகிரியை ஒட்டிய சூடே போதும். தெலங்கானா கோடையில் அது எப்போதும் தயாராகக் காத்திருக்கும் நெருப்பு. சீமெண்ணெய்கூட அப்படியில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போன சென்னை, ஈரோடு, திருப்பூர்க்காரர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறந்துவிட முடியாது. அந்தத் தீ அடுப்பிலிருந்து கிளம்பியது என்று நான் சொல்ல வரவில்லை. மார்ச் மாதக் காட்டில் தீ எவ்வளவு வேகமாக ஓடும் என்பதற்குத்தான் அந்த உதாரணம். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. காப்புக் காட்டில் தீ மூட்டுவதை 1927ஆம் ஆண்டு வனச் சட்டமே குற்றமாக்கியிருக்கிறது. வனத்துறை அனுமதித்த முகாமில், கல்லின் மேல், சருகைப் பெருக்கிவிட்டு; இல்லாவிட்டால் அன்றைக்கு அவலும் வெல்லமும்.

அமெரிக்காவின் மேற்குப் பகுதிக் காடுகளில் வறட்சிக் காலத்தில் கேஸ் அடுப்புக்கு அனுமதி கொடுத்துவிட்டு ஸ்பிரிட் அடுப்பை மட்டும் தடுப்பார்கள். காரணம், திருகி அணைக்க முடியாது. இந்த ஒரு விஷயம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. டின் அடுப்பும் பெரும்பாலான டைட்டானியக் கிண்ணங்களும் ஊற்றியது தீரும்வரை எரியும். தட்டிவிட்டால் எரியும் திரவம் ஓடும். பித்தளை அடுப்புக்கு மூடி உண்டு. மேலே போட்டால் காற்று இல்லாமல் அணையும். ஆறினபிறகு ரப்பர் வளையம் வைத்த திருகு மூடியால் இறுக்கிவிட்டால் மிச்ச ஸ்பிரிட் உள்ளேயே பத்திரம். கனமாக இருப்பதால் லேசில் கவிழாது. காற்றில் ஒரு கணம் தடுமாறினாலும் உடம்பில் தேக்கிய சூட்டால் மறுபடி எழுந்துகொள்ளும். களிம்பு ஏறினால் புளி இருக்கிறது. நம் காடுகளுக்கும் நம் வெயிலுக்கும் என் ஓட்டு பித்தளைக்கு. எண்பது கிராமை வேறு எங்காவது குறைத்துக்கொள்ளலாம். பருப்புப் பொடியில் வேண்டாம்.

எதை வாங்கினாலும் சரி, கூடாரத்துக்குள் வைத்துப் பற்றவைக்காதீர்கள்; கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாது. ஸ்பிரிட்டில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் கலந்தால் கரி குறையும். தீ சிந்திப் பரவினால் தண்ணீரைத் தாராளமாக ஊற்றுங்கள். எண்ணெய்த் தீ மாதிரி மிதக்காது, கலந்து நீர்த்துப் போகும். அடுப்பை வைக்கும்முன் இரண்டு லிட்டர் தண்ணீர் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

பெரும்பாலான தீக்காயங்கள் நடக்கும் விதம் இன்னும் எளிமையானது. பட்டப்பகல். தண்ணீர் இன்னும் கொதிக்கவில்லை. அடுப்பைப் பார்த்தால் ஜுவாலையே தெரியவில்லை. தீர்ந்துவிட்டது என்று பாட்டிலைச் சாய்க்கிறீர்கள். ஸ்பிரிட்டின் நீல ஜுவாலை வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. அது தாரை வழியாக ஏறிப் பாட்டிலுக்குள் புகுந்துவிடும். அணைந்துவிட்டது என்று நினைத்தால் ஒரு தீக்குச்சியை நீளமாகப் பிடித்து அடுப்பின் மேல் காட்டுங்கள். பற்றிக்கொண்டால் இன்னும் எரிகிறது. பற்றாவிட்டாலும் ஐந்து நிமிடம் ஆறவிட்டு, பாட்டிலிலிருந்து ஊற்றாமல், வேண்டிய அளவை மட்டும் ஒரு சின்னக் கோப்பையில் எடுத்து, பாட்டிலை மூடித் தள்ளி வைத்துவிட்டு, அந்தக் கோப்பையிலிருந்து ஊற்றுங்கள்.